ஊட்டிக்குப் பயிற்சிக்குக் கிளம்பும் குமரி மாவட்ட ஓட்டக்காரர்களுக்கு: மலையில் இதயம் எப்படிப் பழகுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும்

ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் ஒரு பேச்சு கிளம்பும். "ஊட்டியில ஒரு மாசம் ஓடிட்டு வந்தா ஹார்ட் பெரிசாயிரும் சார், அப்புறம் இங்க யாரும் நம்மள பிடிக்க முடியாது." இதில் ஊட்டி சரி, ஒரு மாதமும் சரி. ஹார்ட் கணக்குதான் இடிக்கிறது. இதயத்தைப் பெரிதாக்குவது வருடக்கணக்கான ஓட்டம். அந்த வேலையைச் சொத்தவிளைக் கடற்கரை மணலிலேயே செய்துகொள்ளலாம். மலை முக்கியமாக மாற்றுவது ரத்தத்தை. அந்த மாற்றம் நடந்து முடியும் வரை இதயம் கூடுதல் பாரம் சுமக்கிறது. இது புரியாமல் போகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே முழு வேகத்தில் ஓடிக் களைத்து, வீட்டில் இருந்ததைவிட மோசமான நிலையில் திரும்பி வருகிறார்கள்.

800 மீட்டருக்கு மேல் ஓடுகிறவர்கள், நடைப்போட்டிக்காரர்கள், சைக்கிள் பந்தயக்காரர்கள் ஆகியோரில் முதல் முறை மலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த உயரம், எத்தனை நாள்

"மருந்துவாழ்மலையில தினமும் ஏறி இறங்குறோமே, அது போதாதா?" என்று கேட்பார்கள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அது அருமையான பயிற்சி. ஆனால் அந்த மலை ஆயிரம் மீட்டரைத் தொடாது; மேலே கிடைக்கும் காற்றும் கிட்டத்தட்ட நம் ஊர்க் காற்றுதான். மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் ஆயிரத்தைத் தாண்டும் என்றாலும் அது வனத்துறை அனுமதி கேட்கும் இடம், யானை நடமாடும் காடு. அங்கே இன்டர்வெல் (வேகமாக ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடும் பயிற்சி) ஓட முடியாது.

ரத்தத்தில் மாற்றம் வர ஏறக்குறைய 2000 முதல் 2500 மீட்டர் உயரத்தில் தங்க வேண்டும். ஊட்டி 2240 மீட்டர். 1968-ல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். அந்த ஒலிம்பிக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியது அங்கேதான். மெல்லிய காற்று தாண்டுகிறவருக்கும் குறுந்தூரம் ஓடுகிறவருக்கும் உதவும். அதே மைதானத்தில் 10,000 மீட்டர் ஓடிய ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், உலக சாதனை வைத்திருந்த ஆள், முடிவுக் கோட்டில் சுருண்டு விழுந்தார். ஆக்ஸிஜன் கொடுத்துத்தான் எழுப்பினார்கள். அந்தப் பந்தயத்தை வென்றவர் கென்யாவின் நஃப்தாலி டெமு. 1500 மீட்டரை வென்ற கிப்சோகே கெய்னோவும் கென்யாக்காரர்தான். மேட்டு நிலத்திலேயே பிறந்து வளர்ந்து ஓடியவர்களுக்கும், கடல் மட்டத்தில் பழகிய இதயத்தோடு வந்தவருக்கும் இருந்த வித்தியாசம் அது.

நாள் கணக்குக்கு வருவோம். இந்த உயரத்தில் தங்கினால், சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உடம்பில் மொத்தமாக, சராசரியாக 100 மணி நேரத்துக்கு ஒரு சதவீதம் கூடும் என்பது விளையாட்டு அறிவியலில் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஏறவே ஏறாது. மூன்று வாரத்துக்குக் குறைவாகப் போவதில் அர்த்தமில்லை, நான்கு வாரம் நல்லது. சனி ஞாயிறு போய் ஓடிவிட்டு வருவதற்குப் பெயர் சுற்றுலா.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நான் அனுப்ப மாட்டேன். அவர்களுக்கு இங்கேயே கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு

முதல் வேலை ஆஸ்பத்திரி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்களுக்குத் தெரிந்த இதய மருத்துவரிடமோ ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் எக்கோவும் (இதய ஸ்கேன்). குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலோ, சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து ஊசி போட்டிருந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, "நான் வருடக்கணக்காக ஓடுகிறவன்" என்பதையும் சொல்ல வேண்டும். பழகிய ஓட்டக்காரரின் இதயத்தில் இடது கீழறை பெரிதாக இருக்கும், ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் அதிகம், அதனால் ஓய்வில் நிமிடத்துக்கு 50, சிலருக்கு 45 தடவைதான் துடிக்கும். இந்த விவரம் தெரியாத டாக்டர் அந்த ஈ.சி.ஜி.யைப் பார்த்துப் பதறலாம். அதைவிட ஆபத்து, "ஓட்டக்காரன்னா அப்படித்தான் இருக்கும்" என்று உண்மையான கோளாறைத் தள்ளிவிடுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இதய மருத்துவர்.

இரண்டாவது, இரும்புச் சத்து. மலையில் புதுச் சிவப்பணு உண்டாக இரும்பு வேண்டும். இருப்பு இல்லாமல் போனால் அங்கே நீங்கள் மூச்சு வாங்குவது மட்டும்தான் மிச்சம். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் தரைதட்டிக் கிடப்பது ஓட்டக்காரர்களிடம் சாதாரணம், பெண்களிடம் இன்னும் அதிகம். 30-க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்டு மாத்திரை தொடங்குங்கள். பயணத்தைத் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை. மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், இரும்பு கூடினாலும் கெடுதல்தான்.

சாப்பாட்டில் சூரை மீன், ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, பயறு. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாப்பிட்ட கையோடு கட்டன்சாயா குடிக்கிற பழக்கத்தை விடுங்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. ஊட்டிக் குளிரில் டம்ளர் டம்ளராகச் சாயா உள்ளே போகும், அதனால் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, நாடி. ஒரு ஐம்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், போனைத் தொடாமல், மல்லாந்து படுத்தபடியே கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கும் வேலை வேண்டாம். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு சீராக வருகிறதா, இடையில் தட்டுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். எண்ணை எழுதிவிட்டு எழுந்து நின்று, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணி எழுதுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் உங்களுடைய கடல் மட்டக் கணக்கு கையில் இருக்கும். மலையில் எடுக்கிற எல்லா முடிவுக்கும் அந்த எண்தான் ஆதாரம். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதுவும் இருக்கட்டும். ஆனால் குளிரில் மணிக்கட்டுத் தோல் சுருங்கும்போது அது உளறும்.

பயணமும் முதல் மூன்று நாளும்

நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் கோவை. அங்கிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக பஸ். ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டத்தில் அறை வாடகை எகிறும், முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நோயோடு இருக்கும் உடம்பு சிவப்பணுவைச் சரியாகச் செய்யாது.

போய் இறங்கிய அன்று மாலை ஏதோ பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். குளிரும், அவ்வளவுதான். "சார், எனக்கு ஒண்ணும் செய்யல, இப்பவே ஓடட்டா?" என்று முதல் மாலையே கேட்காத பையன் இல்லை. "மக்களே, இன்னைக்கு நடந்தா போதும்" என்பதே பதில். முதல் மூன்று நாள் நடை, மெதுவான ஜாகிங், அதிகம் போனால் அரை மணி நேரம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? உள்ளே நடப்பதைப் பாருங்கள்.

ஊட்டிக் காற்றிலும் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். குறைந்திருப்பது காற்றழுத்தம், நம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் இதைக் கண்டுபிடித்து மூச்சை வேகமாக்குகின்றன. நரம்பு மண்டலம் இதயத்தை முடுக்கிவிடுகிறது. நாகர்கோவிலில் ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் ஓடும்போது 140 துடித்த இதயம், இங்கே அதே வேகத்துக்கு 150-ஐத் தாண்டலாம்.

அடுத்து நடப்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பீர்கள். குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணம், வேகமாக மூச்சு விடுவதால் கார்பன் டை ஆக்ஸைடு அதிகம் வெளியேறி ரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. இப்படி முதல் வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பத்து சதவீதம் வரைகூடக் குறையலாம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் எத்தனை குதிரைச்சக்தி மோட்டாரும் குறைவாகத்தான் இறைக்கும் இல்லையா, இதயத்துக்கும் அதே நிலைதான். தசை பலமாகத்தான் இருக்கிறது. சுருங்கும் திறன் குறையவில்லை. ஆனால் திரும்பி வரும் ரத்தம் குறைவு என்பதால் அறை முழுதாக நிரம்பவில்லை. ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இறக்கம் கொஞ்சம் உறைக்கும். வெயிலிலும் கடற்காற்றின் புழுக்கத்திலும் வருடம் முழுக்க ஓடுகிறவர் உடம்பில் பிளாஸ்மா தாராளமாக இருக்கும். வெப்பத்துக்குப் பழகுவது என்றாலே அதுதான். அந்தத் தாராளத்தில் பழகிய இதயம் திடீரென்று சிக்கனத்துக்கு மாற வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் ஐந்தாம் நாள் யாராவது லேபில் ரத்தம் கொடுத்து, ஹீமோகுளோபின் கூடிவிட்டது என்று துள்ளுவார்கள். தண்ணீர் குறைந்ததால் செறிவு கூடியிருக்கிறது, அவ்வளவே. மலைக்காகக் கூடுதலாக உண்டாகும் சிவப்பணுக்கள் இன்னும் முதிர்ந்து வந்திருக்காது. சிவப்பணு செய்யச் சொல்லி உத்தரவிடும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் முதல் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த உத்தரவை எலும்பு மஜ்ஜை நிறைவேற்றி முடிக்க வாரங்கள் ஆகும்.

இதயத்தின் வலது பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அந்த எதிர்ப்பை மீறி ரத்தத்தைத் தள்ள வேண்டியது வலது கீழறை. ஊட்டி உயரத்தில் ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரிய பாரம் இல்லை. கடும் ஓட்டத்தில் அந்த அழுத்தம் இன்னும் ஏறும் என்பதால்தான் முதல் நாட்களில் இன்டர்வெல் வேண்டாம் என்கிறேன்.

தண்ணீர் தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். கஞ்சி, சூப், மோர் எதுவானாலும் சரி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், லிட்டர் கணக்கில் குடித்து வயிற்றை நிரப்ப வேண்டாம். முதல் சில ராத்திரி தூக்கம் கலையும். மூச்சு சற்று நின்று நின்று வருவது போலத் தோன்றித் திடுக்கிட்டு விழிக்கலாம். பெரும்பாலும் பழகிவிடும். தூக்க மாத்திரை போடாதீர்கள்.

நோட்டுப் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள்

உதாரணத்துக்கு, வீட்டில் உங்கள் காலை நாடி 52 என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியில் இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 61, ஆறாம் நாள் 57, பத்தாம் நாள் 54 என்று இறங்கி வந்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஏழு நாள் ஆகியும் 60-லேயே நின்றாலோ, இறங்கிக்கொண்டிருந்தது ஒரு நாள் காலையில் ஏழெட்டு கூடியிருந்தாலோ அன்று கடினமான ஓட்டம் கிடையாது. நடை மட்டும். எழுந்து நின்றபின் எண்ணுவது படுத்த கணக்கைவிட வழக்கத்துக்கு மேல் தாவினால் தண்ணீர் போதவில்லை, அல்லது களைப்பு தீரவில்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடந்தால் எடுத்துப் போங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும். ஓய்வில் 93, 94, 95 என்று காட்டினால் அந்த உயரத்துக்குச் சாதாரணம். நாளாக நாளாக ஒன்றிரண்டு கூடும்.

இரண்டாம் வாரம் முதல் ஓட்டம்

ஊட்டியில் எச்.ஏ.டி.பி. என்ற மைதானத்தில் 400 மீட்டர் செயற்கை ஓடுதளம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கை ஸ்டாப்வாட்சைத் தேடும். நீண்ட ஓட்டத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள், இதயத் துடிப்பையும் மூச்சையும் பாருங்கள். 1500 மீட்டருக்கு மேலே போகப்போக ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் உடம்பு உச்சத்தில் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் ஒரு சதவீதம் குறையும். வேடிக்கை என்னவென்றால் திறமைசாலிகளுக்கு இந்தச் சரிவு அதிகம். அவர்கள் இதயம் ரத்தத்தை அவ்வளவு வேகமாக நுரையீரல் வழியே ஓட்டுகிறது. மெல்லிய காற்றில் இருந்து ஆக்ஸிஜனை ஏற்றிக்கொள்ள அந்த ரத்தத்துக்கு நேரம் போதவில்லை. ஊரில் உங்களுக்குப் பின்னால் வருகிற பையன் அங்கே உங்களோடு ஒட்டி ஓடினால் மனம் விட வேண்டாம்.

வேகப் பயிற்சியைக் கைவிட்டால் கால் மந்தமாகிவிடும். அதற்கு வழி, தூரத்தைக் குறைத்து ஓய்வைக் கூட்டுவது. ஊரில் ஒரு கிலோமீட்டராக ஓடும் இன்டர்வெல்லை 300, 400 மீட்டராக மாற்றி, நடுவில் வழக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓய்வு கொடுங்கள். 150 மீட்டர் ஓட்டத்தை வழக்கமான வேகத்திலேயே ஓடலாம். மேலே தங்கிக் கீழே ஓடு என்ற முறை 1990-களில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டுப் பிரபலமானது. இங்கே அதற்கு மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும், ஒரு பக்கம் ஐம்பது கிலோமீட்டர். அத்தனை கொண்டை ஊசி வளைவில் தினமும் பஸ்ஸில் போய்வந்தால் ஓடுவதற்கு முன்பே வயிறு காலியாகிவிடும். வாரம் ஒரு முறை, குழுவாக வண்டி கிடைத்தால் மட்டும் முயலுங்கள்.

மூன்றாம் வாரத்தில் மொத்தத் தூரம் ஊரில் ஓடியதை எட்டலாம். சிவப்பணு கூடக் கூட, அதே வேகத்துக்கு இதயம் துடிக்கும் எண்ணிக்கை இறங்குவதை நோட்டில் பார்ப்பீர்கள்.

இந்த அறிகுறிகள் வந்தால் இறங்கிவிடுங்கள்

ஓடும்போது நெஞ்சு வலி அல்லது இறுக்கம், ஓட்டத்தின் நடுவில் மயக்கம், தாறுமாறான படபடப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரையோடு இருமல், தள்ளாட்டம். இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், தனியாக அறையில் படுக்காதீர்கள். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான் என்றாலும், எந்த உயரத்திலும் முதல் மருந்து கீழே இறங்குவது. 3500 மீட்டரில் இருக்கும் லே போன்ற இடத்துக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஓட்டத்தை நினைக்கவே கூடாது. இன்னொன்று: மலை ஏறுகிறவர்கள் சகஜமாக வாங்கிப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரை விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியலில் இருக்கிறது. போட்டிக்குப் போகிற ஆள் கடைக்காரர் சொன்னார் என்று அதைப் போட்டுவிடக் கூடாது.

திரும்பி வந்தபின்

இறங்கிய சில நாட்களில் பிளாஸ்மா பழைய அளவுக்கு நிரம்பும். சிவப்பணு கூடியிருக்க, நீரும் திரும்பி வர, மொத்த ரத்தம் முன்னைவிட அதிகம். இதயம் நன்றாக நிரம்பி ஒவ்வொரு துடிப்புக்கும் அதிகம் தள்ளும். நீங்கள் ஊட்டிக்குப் போனது இதற்குத்தான்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் காத்திருக்கும். நாலு வாரம் குளிரில் இருந்ததில் வெயிலுக்குப் பழகிய பழக்கம் பெரும்பகுதி போயிருக்கும். வந்த மறுநாளே காலை எட்டு மணிக்குப் புழுக்கத்தில் ஓடினால் மலையில் சம்பாதித்ததை நாகர்கோவில் வெயில் விழுங்கிவிடும். முதல் வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு மெதுவாக ஓடுங்கள். அடுத்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தள்ளி வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை நாடியை எண்ணுவது தொடரட்டும்.

போட்டியை எப்போது வைப்பது என்பதில் பயிற்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் ஓடிவிட வேண்டும் என்பார் சிலர், இரண்டு மூன்று வாரம் கழித்து என்பார் சிலர். குளிர்ந்த ஊரில் போட்டி என்றால் முதல் கட்சி சொல்வதிலும் நியாயம் உண்டு. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ வெயிலில் போட்டி என்றால் மூன்றாம் வாரத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். வெயில் பழக்கம் திரும்பியிருக்கும், கூடிய ஹீமோகுளோபினும் முழுதாகக் கரைந்திருக்காது. நாலு வாரத்தைத் தாண்டிவிட்டால் ரத்தக் கணக்கு கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் மாவட்ட, மாநிலப் போட்டித் தேதிகளைக் கையில் வாங்கிக்கொண்டு, அதில் இருந்து பின்னோக்கி எண்ணி ரயில் டிக்கெட் போடுங்கள்.